சலவைத் தொழிலாளிக்காகத் திறந்த கதவு

பாரிஸின் ஷாயோ மேடு இன்று வசதி படைத்தவர்களின் பகுதி. தூதரகங்கள், அருங்காட்சியகங்கள், சம்பளக்காரர்கள் நினைத்துப் பார்க்க முடியாத வாடகையில் குடியிருப்புகள். 1844இல் நிலைமை வேறு. அப்போதைய முதல் வட்டாரத்திலேயே வறுமை மிகுந்த மூலை அதுதான். பெண்கள் துணி வெளுக்கவும் தைக்கவும் பிறர் வீட்டு வேலைக்கும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய கைக்குழந்தைகளுக்காக அந்த ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி அங்கே ஓர் அறை திறக்கப்பட்டது. உள்ளே வரிசையாகத் தொட்டில்கள். காலையில் விட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொண்டு போகலாம். கட்டணம் நாளுக்கு 20 சாந்தீம்; இரண்டு குழந்தைகள் என்றால் 30. இன்று பல நாடுகளில் கிரெச் என்று வழங்கும் குழந்தைக் காப்பகத்தின் பெயரும் முறையும் அந்த அறையிலிருந்து பரவியவை.

ஏழைத் தாய்க்காகவே திறந்த கதவு அது. ஆனால் 2013இல் பிரெஞ்சு அரசு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கணக்கெடுத்தபோது வெளிவந்த படம் தலைகீழாக இருந்தது. நாட்டின் மிக வசதியான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேர் கிரெச்சில் வளர்ந்தார்கள். மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கில் அது நூற்றுக்கு ஐந்துதான். இந்தத் தலைகீழ் மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. யாரும் திட்டமிட்டுச் செய்ததும் இல்லை. அதனாலேயே அது எப்படி நடந்தது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்குக் கூலி கொடுப்பது பாரிஸுக்குப் புதிதல்ல. கிரெச் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்நகரத்துக் குழந்தைகள் வெளியூரில்தான் வளர்ந்தார்கள். 1780இல் பாரிஸின் காவல்துறைத் தலைவராக இருந்த லெனுவார் எழுதி வைத்த கணக்கு வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது. நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 21,000 குழந்தைகள் பிறந்தன. அவற்றில் தாய்ப்பால் குடித்து வளர்ந்தவை ஆயிரத்தைத் தாண்டவில்லை. இன்னும் ஓர் ஆயிரம் குழந்தைகளுக்கு வீட்டோடு செவிலித்தாய் இருந்தாள். மற்றவை எல்லாம் நகருக்கு வெளியே, கிராமத்துச் செவிலிகளிடம் போயின.

இந்த எண்களுக்குள் சமூகத்தின் படிநிலை அப்படியே பதிந்திருக்கிறது. வீட்டிலேயே செவிலியை வைத்துக்கொண்டவர்கள் பிரபுக்களும் பெரும் வணிகர்களும். கிராமத்துக்கு அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கைவினைஞர்களும் சிறு கடைக்காரர்களும். கடையிலும் பட்டறையிலும் கணவனோடு சேர்ந்து மனைவியும் உழைத்தால்தான் பிழைப்பு ஓடும். செவிலிக்கு மாதக் கூலி கொடுப்பது மனைவியின் உழைப்பை இழப்பதைவிட மலிவு. அந்தக் கூலிக்கும் வழியில்லாதவர்கள் கடைசிப் படியில் இருந்தார்கள். அவர்களில் பலருடைய குழந்தைகள் அநாதை இல்லத்தின் வாசலில் போய்ச் சேர்ந்தன. செவிலிக்குப் பணம் பாக்கி வைத்த தகப்பன்மாரைச் சிறையில் அடைக்கும் வழக்கமும் அன்று இருந்தது. அவர்களுடைய கடனைக் கட்டி மீட்பதற்கென்றே தர்மப் பணம் திரட்டினார்கள்.

தொழில் நடந்த விதம் கொடுமையானது. கிராமத்திலிருந்து பெண்களைத் திரட்டி வரவும் குழந்தைகளை வண்டியில் ஏற்றிப் போகவும் தரகர்கள் இருந்தார்கள். 1769இல் அரசே செவிலியர் அலுவலகத்தைத் தன் மேற்பார்வையில் ஒழுங்குபடுத்தியது. 1876 வரை அது இயங்கியது. பயணத்தில் குளிர், போன இடத்தில் பால் போதாமை, அழுக்குப் புட்டி. நோஜான்-லெ-ரோத்ரூ என்ற ஊரில் பணிபுரிந்த மருத்துவர் புரோஷார் 1866இல் வெளியிட்ட நூலில், அங்கே அனுப்பப்பட்ட பாரிஸ் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இறந்துபோனதைக் காட்டினார். இன்னொரு பக்கம் மோர்வான் மலைப்பகுதிப் பெண்கள் தங்கள் குழந்தையை ஊரில் விட்டுவிட்டு, பாரிஸ் பணக்கார வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனார்கள். ஒரு குழந்தையின் பாலை விலைக்கு வாங்கி இன்னொரு குழந்தைக்குக் கொடுத்த ஏற்பாடு அது. அந்த விலையைப் பல குழந்தைகள் உயிரால் கட்டின.

இந்தப் பின்னணியில்தான் ஃபிர்மென் மார்போ வருகிறார். 1798இல் பிரீவ் நகரில் பிறந்த வழக்கறிஞர். முதல் வட்டாரத்தின் துணை மேயர். வட்டாரத்தில் இருந்த குழந்தைச் சாலைகளைப் பார்வையிட்டு அறிக்கை தரும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தச் சாலைகள் இங்கிலாந்தைப் பார்த்து 1820களில் பாரிஸில் தொடங்கியவை. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கானவை. பிரசவத்தின்போது ஏழைத் தாய்க்கு உதவத் தர்மச் சங்கம் இருக்கிறது, இரண்டு வயதானால் குழந்தைச் சாலை, அதன்பின் பள்ளிக்கூடம். பிறந்த சில நாளிலிருந்து இரண்டு வயது வரை? அந்த இடத்தில் எதுவுமே இல்லை என்பது அவருக்குப் பட்டது. அக்கம்பக்கத்தில் குழந்தை பார்க்கும் கிழவியிடம் விட்டால், சலவை செய்து வரும் நாள்கூலியில் பெரும்பங்கு அங்கேயே போய்விடுகிறது. அந்த இருட்டு அறைகளையும் அவர் நேரில் போய்ப் பார்த்தார்.

மார்போவின் விதிகள் எளிமையானவை. பிறந்து 15 நாளிலிருந்து இரண்டு வயது வரை சேர்க்கலாம். தாய் ஏழையாக இருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே வேலை செய்ய வேண்டும், ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும். பால்குடிக் குழந்தையென்றால் பகலில் இரண்டு முறையாவது வந்து பால் கொடுத்துப் போக வேண்டும். தொட்டிலாட்டும் வேலைக்கும் ஏழைப் பெண்களையே அமர்த்தினார்கள். மருத்துவர் வந்து பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் விடுமுறை. 1845இல் இதைப் பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது. சில ஆண்டுகளுக்குள் பாரிஸின் மற்ற வட்டாரங்களிலும், பிறகு வியன்னாவிலும் லண்டனிலும் இதே மாதிரி இல்லங்கள் திறந்தன.

மூன்றாவது நிபந்தனையைத் தாண்டிப் போய்விட முடியாது. தாயின் ஒழுக்கத்தை யார் அளப்பது? திருமணமாகாத தாயின் குழந்தையைச் சேர்க்கலாமா கூடாதா என்று நீண்ட விவாதம் நடந்தது. பார்வையிட வந்த சீமாட்டிகள் தொட்டிலை மட்டும் பார்க்கவில்லை; தாயையும் எடைபோட்டார்கள். எதிர்த்தவர்களோ இன்னொரு பக்கத்திலிருந்து தாக்கினார்கள். கூட்டமாக வைத்தால் நோய் பரவும் என்றார்கள் சில மருத்துவர்கள். அன்றைய நிலையில் அந்தப் பயம் நியாயமானதே. தாய்ப்பாசம் குறைந்துவிடும், அந்தப் பணத்தைத் தாயிடமே கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லலாம் என்றார்கள் வேறு சிலர். இந்தக் கடைசி யோசனை சாகவில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அது சட்டமாகவே திரும்பி வந்தது.

மார்போ பார்வையிடப் போன குழந்தைச் சாலைக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லியாக வேண்டும். கிரெச்சின் கதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுமையாகும். அதுவும் ஏழைகளுக்கான தர்மக் காரியமாகத்தான் தொடங்கியது. ஆனால் 1881இல் மூன்றாம் குடியரசு அதைப் பள்ளித் துறைக்குள் கொண்டு வந்தது. பெயர் மழலையர் பள்ளி என்றானது, கட்டணம் நீங்கியது. பாலின் கெர்கோமார் என்ற தலைமை ஆய்வாளர் பல பத்தாண்டுகள் ஊர் ஊராகப் போய், பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்லும் முறையை விரட்டி, விளையாட்டை உள்ளே கொண்டு வந்தார். தாய் வேலைக்குப் போகிறாளா, ஒழுக்கமானவளா என்ற கேள்விகள் அங்கே இல்லை. குழந்தைக்கு வயதாகிவிட்டதா என்பது ஒன்றே கேள்வி. முதலில் தொழிலாளர் பிள்ளைகள் நிறைந்திருந்த அந்தப் பள்ளிக்கு இரண்டாம் உலகப் போருக்குப்பின் அலுவலர்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் தங்கள் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினார்கள். 1960இல் மூன்று வயதுக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமானவர்கள் அங்கே படித்தார்கள். 1980இல் பத்தில் ஒன்பது பேர். 1990களில் ஏறத்தாழ எல்லோரும். 2019இல் சட்டம் மூன்று வயதிலிருந்து கல்வியைக் கட்டாயமாக்கியபோது மாறியது எழுத்தளவில்தான். ஊர் அதற்கு முன்பே மாறியிருந்தது.

கிரெச்சுக்கு அந்த வாழ்வு கிடைக்கவில்லை. அது கல்வித் துறைக்குப் போகாமல் தர்மச் சங்கங்களிடமும் பிறகு சுகாதாரத் துறையிடமும் நின்றுவிட்டது. 1874இல் வந்த ரூசெல் சட்டம், கூலிக்கு வெளியே வளர்க்கப்படும் இரண்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் அரசின் கண்காணிப்பில் கொண்டு வந்தது. குழந்தை சாகாமல் இருக்க வேண்டும் என்பதே அன்றைய ஒரே இலக்கு. அந்த இலக்கு சரியானதும்கூட. முதல் உலகப் போரில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பெண்கள் குவிந்தபோது, 1917 ஆகஸ்ட் 5ஆம் தேதிச் சட்டம் பால் கொடுக்கும் தாய்க்கு வேலைநேரத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியது. 100 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் பாலூட்டும் அறை அமைக்கச் சொல்லவும் வழி செய்தது. 1945இல் தாய்சேய் நலத்துறை உருவானதும் கிரெச் முழுக்க அதன் கீழ் வந்தது.

அந்தக் காலத்துக் கிரெச் ஒரு சின்ன மருத்துவமனையாக இருந்தது. பணிப்பெண்களுக்கு வெள்ளை அங்கி. வாசலிலேயே குழந்தையின் வீட்டு உடையைக் கழற்றி, கிரெச்சின் உடையை மாட்டி உள்ளே எடுத்துக்கொள்வார்கள். தாய் உள்ளே வரக்கூடாது, கிருமி வந்துவிடும். கையிலிருந்த பிள்ளையை நீட்டிவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான். வேறு போக்கிடம் இருந்த எந்தக் குடும்பமும் பிள்ளையை அங்கே அனுப்பவில்லை. பாட்டி இருந்தால் பாட்டி, வசதி இருந்தால் வீட்டு ஆயா. எதுவும் இல்லாத தொழிலாளித் தாயே கிரெச்சின் வாசலில் நின்றாள்.

திருப்பம் 1968க்குப் பின் வந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் மாணவர்கள் கைப்பற்றிய பாரிஸ் கல்லூரிக் கட்டடங்களுக்குள்ளேயே சில பெற்றோர் தாங்களாகவே காப்பகம் நடத்தினார்கள். வெள்ளை அங்கி இல்லை. தாய் தகப்பன் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து முளைத்த பெற்றோர் கிரெச்சுகள் 1980இல் ஒரு சங்கமாகவே திரண்டன. இதே காலத்தில் படித்த பெண்கள் திருமணத்துக்குப் பிறகும், பிள்ளை பெற்ற பிறகும் வேலையை விடாத தலைமுறை வந்தது. உளவியல் படித்தவர்கள் கிரெச்சுக்குள் வந்தார்கள். கதவு பெற்றோருக்குத் திறந்தது. ஓவியம், தண்ணீர் விளையாட்டு, கதைப் புத்தகம் எல்லாம் வந்தன. குடும்பநல நிதியம் செலவில் பெரும்பங்கை ஏற்றது. ஏழைத் தாயின் கடைசிப் புகலாக இருந்த இடம் ஆசிரியையும் பொறியாளரும் விரும்பித் தேடும் இடமாயிற்று.

தரம் உயர்ந்தது எல்லாக் குழந்தைக்கும் நல்லது. ஆனால் இடங்கள் அந்த வேகத்தில் உயரவில்லை. வரிசை நீண்டது. வரிசை நீண்டால் யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஒரு விதி வேண்டும். பெரும்பாலான நகராட்சிகள் வைத்த விதி: தாய் தகப்பன் இருவரும் வேலையில் இருந்தால் முன்னுரிமை. கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். வேலைக்குப் போகிறவர்களுக்குத்தானே பிள்ளையை விட இடம் வேண்டும்? ஆனால் வேலை இல்லாத தாய், பிள்ளையை விட இடம் கிடைத்தால்தான் நேர்முகத் தேர்வுக்கே போக முடியும். இடமில்லாததால் வேலையில்லை, வேலையில்லாததால் இடமில்லை என்ற சுழலுக்குள் அவளைத் தள்ளியது அந்த நியாயமான விதிதான்.

கட்டணத்தைக் காரணம் காட்ட முடியாது. கிரெச்சில் மணிக் கட்டணம் குடும்ப வருமானத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மிகக் குறைந்த வருமானக்காரர் கட்டுவது மிகச் சிறிய தொகை. ஏழைக்கு மிக மலிவாகக் கிடைக்கக்கூடிய காப்பகமே கிரெச்தான். அங்கேதான் அவருக்கு இடம் கிடைப்பதில்லை. அதற்கு மாற்றாக உள்ளது, தன் வீட்டில் வைத்துச் சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் உரிமம் பெற்ற பராமரிப்பாளர். பிரான்ஸில் கிரெச்சைவிட இவர்களிடமே அதிகக் குழந்தைகள் வளர்கின்றன. அங்கே பெற்றோரே முதலாளி. ஒப்பந்தம் எழுத வேண்டும், சம்பளச் சீட்டு போட வேண்டும். நெடுங்காலம் நடைமுறை என்னவென்றால், முழுச் சம்பளத்தைத் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு அரசு உதவி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாதக் கடைசியில் கணக்கில் எதுவும் மிஞ்சாத குடும்பத்துக்கு அந்தச் சில நாள் இடைவெளியே பெரிய சுவராக இருந்தது.

நேரமும் ஒரு தடை. மார்போவின் கிரெச் சலவைத் தொழிலாளியின் பொழுதுக்கு ஏற்பத் திறந்து மூடியது. இன்றைய கிரெச்சுகள் பெரும்பாலும் அலுவலக நேரத்தையொட்டி இயங்குபவை. விடியற்காலையில் அலுவலகங்களைத் துடைக்கப் போகும் பெண்ணுக்கும், உணவகச் சமையலறையில் நள்ளிரவு வரை நிற்கும் ஆணுக்கும் அந்த நேரம் உதவாது. பாரிஸின் லா சப்பல் கடைத்தெருவைச் சுற்றி வேரூன்றிய ஈழத்தமிழ்க் குடும்பங்களில் இந்த இரண்டு வேலைகளையும் செய்தவர்கள் ஏராளம். இவர்களுக்குப் பாட்டியும் அருகில் இல்லை. கடல் கடந்து வந்தவர்களுக்கு அக்கம்பக்கமே உறவு. பிறகு ஊர் வேறுபாடு: பாரிஸில் கிரெச் இடங்கள் நாட்டிலேயே அதிகம். சுற்றுவட்டச் சாலையைத் தாண்டி வடக்கே, குடியேறிகளும் இளம் குடும்பங்களும் நிறைந்த செய்ன்-சேன்-தெனி மாவட்டத்தில் குழந்தை அதிகம், இடம் மிகக் குறைவு.

தாயிடமே பணத்தைக் கொடுத்துவிடலாம் என்ற பழைய யோசனை சட்டமானது கிரெச் வரிசை நீண்ட இந்தக் காலத்தில்தான். வேலையிலிருந்து விலகிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கு உதவித்தொகை 1985இல் வந்தது. முதலில் மூன்று பிள்ளை உள்ளவர்களுக்கு. 1994இல் இரண்டாவது பிள்ளைக்கே அது கிடைத்தது. அப்போது, இரண்டு பிள்ளைகள் பெற்று, இளையது மூன்று வயதுக்குள் இருந்த தாய்மாரில் வேலையில் இருந்தவர்களும் வேலை தேடியவர்களுமாக நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர். நான்கே ஆண்டுகளில் அது 50 சொச்சமாகச் சரிந்தது. விலகியவர்கள் யார் என்பதுதான் முக்கியம். மருத்துவரும் பேராசிரியையும் விலகவில்லை. அவர்களுடைய சம்பளத்துக்கு முன்னால் அந்த உதவித்தொகை சிறியது. அங்காடிக் காசாளரும் துப்புரவுத் தொழிலாளியும் விலகினார்கள். ஏற்கெனவே குறைந்த கூலி, ஒழுங்கில்லாத வேலைநேரம், கிரெச்சில் இடமும் கிடையாது. அந்தத் தொகை அவர்களுக்கு ஒரே வழியாகத் தெரிந்தது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது வேலை காத்திருக்கவில்லை. இதைத் தாய்மாரின் சுதந்திரத் தெரிவு என்று பேசியவர்கள், ஒருத்திக்கு முன்னால் எத்தனை வழிகள் இருந்தன என்று எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த வேறுபாட்டின் விலையைக் கடைசியில் குழந்தைதான் கட்டுகிறது. 2011இல் பிறந்த 18,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் எல்ஃப் என்ற பெரும் ஆய்வு பிரான்ஸில் நடக்கிறது. அதன் தரவுகளை வைத்து 2021இல் வெளியான ஒரு கட்டுரை, கிரெச்சில் வளர்ந்த குழந்தைகளின் மொழி வளர்ச்சி இரண்டு வயதில் மேலாக இருப்பதைக் கண்டது. வசதி குறைந்த குடும்பங்களிலிருந்தும் குடியேறிய குடும்பங்களிலிருந்தும் வந்த குழந்தைகளுக்கு அந்த நன்மை கூடுதல். நடத்தையில் சிறிய பின்னடைவும் தென்பட்டது, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் அதிகம் பயன்பெறக்கூடிய குழந்தைகளே மிகக் குறைவாக உள்ளே இருக்கிறார்கள் என்பது அந்தத் தரவிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. ஒவ்வோர் 20 இடத்துக்கும் ஓர் இடத்தை, வேலை தேடி மீண்டுவரும் ஏழைப் பெற்றோரின் குழந்தைகளுக்கு உறுதிசெய்ய வேண்டும் என்று 2006இல் சட்டம் வந்தது. வேலை தேடும் காலத்திலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் கிரெச்சுகளை 2016 முதல் தனியாக அடையாளப்படுத்துகிறார்கள். 2018இல் அறிவித்த வறுமை ஒழிப்புத் திட்டத்தில், ஏழைக் குழந்தைகளை அதிகம் சேர்க்கும் கிரெச்சுக்கு ஊக்கத்தொகை உண்டு. இடையில் 2000களிலிருந்து லாபநோக்கு நிறுவனங்களும் கிரெச் நடத்த நுழைந்தன. தங்கள் ஊழியர்களுக்காகப் பெரிய நிறுவனங்கள் அங்கே இடங்களை மொத்தமாக வாங்கிக்கொள்கின்றன. 2023இல் சமூக நல ஆய்வுத்துறை வெளியிட்ட அறிக்கை, ஆள்பற்றாக்குறையாலும் அவசரத்தாலும் பல கிரெச்சுகளில் கவனிப்பின் தரம் சரிந்திருப்பதைக் கடுமையாகவே எழுதியது. குறைந்த சம்பளத்துக்கு அங்கே வேலை பார்க்கும் பெண்களும் மார்போ காலத்துத் தொட்டிலாட்டிகளைப் போலவே எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

2023 டிசம்பரில் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, 2025 ஜனவரி 1 முதல் மூன்று வயதுக்குட்பட்டோர் பராமரிப்பை ஒழுங்கமைக்கும் பொறுப்பு நகராட்சிகளுடையது. எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று அவை கணக்கெடுக்க வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 3,500 பேருக்கு மேல் வாழும் ஊர்கள் இடங்களைத் திட்டமிடவும் வேண்டும். இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பக்கத்து நாடான ஜெர்மனியில் 2013 ஆகஸ்ட் முதல் ஒரு வயது நிரம்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் சட்டப்படியே இடத்துக்கு உரிமை உண்டு. இடம் கிடைக்காததால் வேலைக்குத் திரும்ப முடியாமல் போன லைப்சிக் தாய்மார் தொடுத்த வழக்கில், நகராட்சியிடம் அவர்கள் இழப்பீடு கோர முடியும் என்று 2016இல் உச்சநிலை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கும் இடைவெளி மூடிவிடவில்லை. படித்த பெற்றோரின் பிள்ளைகளே இன்னும் முந்துகிறார்கள். ஆனால் இடம் மறுக்கப்பட்ட ஜெர்மானியத் தாய் நீதிமன்றப் படியேறிக் கேட்கலாம். செய்ன்-சேன்-தெனியில் அதே மறுப்புக் கடிதம் வந்தால், அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கத்தான் முடியும். அதற்குள் பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கும்.